சம்சாரம் இல்லாத வீடு

அத்தியாயம் 7

மூன்று மாதமாக அம்பாசமுத்திரத்துக்கு வந்த கடிதங்களில் ஒரே வரிதான் இருந்தது என்பது நினைவிருக்கும். "சுகம். இங்கே வர வேண்டாம்." எழுத்து சிவதாணு பிள்ளையின் எழுத்துதான். ஆனால் நாலு பக்கத்துக்குக் குறைந்து கடிதம் எழுதத் தெரியாத மனிதர் அவர். வர வேண்டாம் என்று ஒரு தடவை எழுதியிருந்தால் அவர் மனைவி சொர்ணம்மாள் பேசாமல் இருந்திருப்பாள். ஆறு தடவை எழுதியதால்தான் புறப்பட்டுவிட்டாள்.

துணைக்கு வந்தவர் அவளுடைய அண்ணன் பூதலிங்கம். மலையாளம் தமக்குத் தண்ணி பட்ட பாடு என்று ரயிலில் ஏறும்போதே சொல்லிவிட்டார். இருபது வருஷத்துக்கு முன்னால் பத்மநாபசுவாமி கோயில் திருவிழாவுக்கு வந்து நாலு நாள் தங்கிப் படித்த மலையாளம் அது. சமஸ்தானத்து எல்லையில் சுங்கச் சௌக்கைக்காரர்கள் பெட்டியைக் குடைந்து அவருடைய மூக்குப்பொடி டப்பாவைப் பறித்துக்கொண்டபோது, அந்த மலையாளம் ஒன்றும் உதவவில்லை. அதிலிருந்து மனுஷர் சிடுசிடுவென்றே இருந்தார்.

சொர்ணம் மலையைத் தாண்டுவது இதுதான் முதல் தடவை. தாண்டியதிலிருந்து அவளுக்கு ஒரு மாதிரியாக இருந்தது. காதில் விழுகிற சொல்லெல்லாம் தெரிந்த சொல் போலவே இருக்கிறது, பொருள்தான் ஒட்டவில்லை. அடியோடு புரியாத பாஷையாக இருந்தால் பயமில்லை. இதுவோ, நம் வீட்டுச் சாமானையெல்லாம் யாரோ வந்து இடம் மாற்றி வைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

தம்பானூர் ஸ்டேஷனில் இறங்கியபோது மணி பத்து. இடவப்பாதி என்கிற பருவமழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. காப்பிக் கடைக்காரன் ஒருவன் அவளைப் பார்த்து, "வெள்ளம் வேணோ?" என்று கேட்டான். சொர்ணம் திடுக்கிட்டுக் காலடியைப் பார்த்துக்கொண்டாள். அவன் நீட்டியது ஒரு தம்ளர் தண்ணீர்.

ஜட்கா வண்டிக்காரனிடம் பூதலிங்கம் தமது மலையாளத்தை எடுத்துவிட்டார். "மணக்காடு போகணும் ஆணு. சிவதாணு பிள்ளை வீடு ஆணு."

வண்டிக்காரன் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தான். "பரதேசிகளாணு, அல்லே?"

"யாரைப் பாத்துலே பரதேசிங்கே? நாலு ஏர் வச்சு உழுத குடும்பம்லே எங்க குடும்பம்!"

வெளியூர்க்காரர்களா என்றுதான் அவன் பாவம் கேட்டான். அதை விளக்க அவனுக்குத் தமிழ் போதவில்லை, புரிந்துகொள்ள இவருக்கு மலையாளம் போதவில்லை. கிழக்கேகோட்டையைச் சுற்றிக்கொண்டு மணக்காடு போய்ச் சேரும் வரையில் மூன்று பேரும் வாயைத் திறக்கவில்லை.

வண்டி நின்ற இடம் ஒரு குறுகிய சந்து. பாசி பிடித்த மதிலுக்கு உள்ளே ஒரு பெரிய ஓட்டு வீடு. அதன் முற்றத்துக்கு அப்பால் பலாமரத்தடியில் தனியாக ஓர் அறை. பகல் பதினொரு மணிக்கு அங்கே விளக்கு வைக்கிற நேரம் போல் இருண்டிருந்தது. அந்த அறையின் கதவு சாத்தியிருந்தது. ஜன்னலில் ஒரு பலகை மாத்திரம் திறந்திருந்தது.

பெரிய வீட்டு வாசலில் வெள்ளை முண்டு உடுத்திய ஓர் அம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரி பாருக்குட்டியம்மா. வாடகை அறைக்குச் சொந்தக்காரி என்று சிவதாணு தம்முடைய நீளக் கடிதங்களின் காலத்தில் எழுதியிருக்கிறார்.

"சிவதாணு பிள்ளை இங்கதானே இருக்காஹ?" என்று பூதலிங்கம் கேட்டார்.

"அதே, அதே." அந்த அம்மாள் முறத்தைக் கீழே வைத்தார். முகம் வாடிவிட்டது. அறைப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பக்ஷே, பிள்ளைக்குச் சம்சாரம் இல்ல."

பூதலிங்கம் திரும்பித் தங்கையைப் பார்த்தார். சொர்ணம் மழையில் நனைந்தபடி நின்றாள்.

"சம்சாரம் இல்லையா?"

"இல்ல. சம்சாரம் போயிட்டு மூணு மாசமாயி. கஷ்டம்!"

இதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு சொல்லும் தமிழாகவே சொர்ணத்தின் காதில் விழுந்தது. சம்சாரம் போய் மூன்று மாதம். கடிதங்கள் ஒற்றை வரியாகச் சுருங்கியும் மூன்று மாதம்தான்.

"எப்படிப் போச்சாம்?" என்று அவளே கேட்டாள். தன் குரல் தனக்கே யாருடையதோ போல் கேட்டது.

கேள்வி எவ்வளவு புரிந்ததோ, அந்த அம்மாள் கையை விரித்தார். "ஒரு வைகுந்நேரம். பெட்டெந்நு போயி." ஒரு சாயங்காலம் சட்டென்று போய்விட்டது என்கிறார். அப்புறம் தம் மார்பில் கையை வைத்துக்கொண்டு, பயத்தோடு சொன்னார். "இப்போள் உறக்கத்தில் மாத்ரம் சம்சாரம் வரும். ராத்ரியில். கேட்டால் நமுக்குப் பேடியாகும்."

பூதலிங்கத்தின் முகம் வெளுத்தது. "ஏட்டி, செத்துப்போன பெஞ்சாதி ராத்திரி தூக்கத்துல வாறாளாம்" என்றார் மெதுவாக.

சொர்ணம் தன் இடது கையை வலது கையால் பிடித்துப் பார்த்தாள். குளிர்ந்திருந்தது. நாடியைத் தேடினாள், உடனே அகப்படவில்லை. தாலிச் சரட்டைத் தொட்டுப் பார்த்தாள். அது இருந்தது.

"அண்ணாச்சி, நான் உசிரோடதானே இருக்கேன்?"

"கிறுக்கி மாதிரிப் பேசாதட்டி!" என்று அவர் எரிந்து விழுந்தார். பயத்தைக் கோபமாக மாற்றிக்கொள்வதில் அவர் கெட்டிக்காரர். "எனக்கு எல்லாம் விளங்கிட்டு. இந்த ஊர்ல எவளையோ கட்டிக்கிடத் தோதுக்கு, உன்னைக் கொன்னுட்டான் உன் மாப்பிள்ளை. பெஞ்சாதி செத்துட்டான்னு ஊர் பூராச் சொல்லி வச்சிருக்கான். தூக்கத்துல வாறான்னு கதை வேற. வா, அடுத்த வண்டிக்கே போவோம்."

சொர்ணம் நகரவில்லை. ஆறு வருஷம் கூட வாழ்ந்த மனிதர். அப்பா படுக்கையில் விழுந்தாரே என்று அவள் ஊரில் தங்க நேர்ந்தது. இவர் உத்தியோகத்துக்காக இங்கே வர நேர்ந்தது. வேறு பிரிவு ஒன்றும் அவர்களுக்குள் இல்லை. தான் செத்துவிட்டதாக அவர் சொல்லியிருந்தால் அதைத் தன் முகத்துக்கு நேரே சொல்லட்டும் என்று நினைத்தாள். அழுகை வந்தது; அதைவிட வீம்பு பெரிதாக வந்தது.

நேரே பாருக்குட்டியம்மாவின் முன்னால் போய் நின்று, மார்பைத் தொட்டுக்காட்டி, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள்.

"நான்தான். அவுஹ. சம்சாரம்."

பாருக்குட்டியம்மா "என்டெ பகவதீ!" என்று பின்னால் நகர்ந்தார். கால் பட்டு முறம் கவிழ்ந்தது. அரிசி நனைந்த மண்ணில் சிதறியது. மழையில் தலை அவிழ்ந்து, உதடு வெளுத்து, எங்கிருந்தோ வந்து நிற்கிற இந்தப் பெண்ணின் வாயையே அவர் பார்த்துக்கொண்டு நின்றார். கழுத்தில் கிடந்த ரட்சையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

என்னைப் பார்த்தால் பயம் வருகிறது என்றால், இங்கே நான் பேய்தான் என்று சொர்ணம் முடிவு கட்டினாள். முற்றத்தைத் தாண்டிப் பலாமரத்தடி அறைக்கு நடந்தாள். பூதலிங்கம் கூப்பிட்டது காதில் ஏறவில்லை.

ஜன்னல் வழியே பார்த்தாள்.

உள்ளே அவர் இருந்தார். முதுகு தெரிந்தது. சுவரில் மாட்டிய கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். கண்ணாடியில் தெரிந்த முகத்தில் தாடி மண்டியிருந்தது, கன்னம் ஒட்டியிருந்தது. அவர் வாய் அசைந்துகொண்டிருந்தது. உதடுகள் சேர்ந்தன, திறந்தன. மறுபடி சேர்ந்தன, திறந்தன. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லுகிற வாய். ஆனால் சத்தமே இல்லை. மழைச் சத்தந்தான் கேட்டது.

யாரையோ கூப்பிடுகிறார் என்று அவளுக்குத் தோன்றிற்று. யாரை என்று தெரிந்துகொள்ள ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்தாள்.

கண்ணாடிக்குள் அவர் அவளைப் பார்த்துவிட்டார். திரும்பவில்லை. கையை நீட்டிக் கண்ணாடியில் இருந்த அவள் முகத்தைத் தொட்டார். விரலால் அவள் கன்னத்தை அழித்துப் பார்த்தார். அழியவில்லை.

"நான்தான்" என்றாள் சொர்ணம். "என்னைக் கொன்னுட்டீகளாமே?"

அவர் திரும்பினார். வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. தொண்டை ஏறி இறங்கியது, கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் வந்தது; குரல் வரவில்லை.

பின்னால் காலடிச் சத்தம். பாருக்குட்டியம்மா அருகில் வந்து நின்றார். பயம் போகவில்லை என்றாலும், அழுகிற பெண்ணைப் பார்த்து மனசு கேட்கவில்லை போலும். சிவதாணுவைக் காட்டினார். பிறகு தம் உதட்டை விரலால் தட்டிக் காட்டினார்.

"சம்சாரம்" என்றார். இன்னொரு தரம் உதட்டைத் தட்டினார். "சம்சாரம் இல்ல."

சொர்ணம் அந்த விரலைப் பார்த்தாள், உதட்டைப் பார்த்தாள், உள்ளே சத்தமில்லாமல் தவிக்கிற வாயைப் பார்த்தாள். ரயிலிலிருந்து ஒட்டாமல் கிடந்த பொருள் சட்டென்று வந்து ஒட்டிக்கொண்டது.

"பேச்சா!" என்றாள். "அண்ணாச்சி, இங்க சம்சாரம்னா பேச்சு! போனது பேச்சு!"

தான் சாகவில்லை என்ற சந்தோஷம் அவளுக்கு ஒரு நிமிஷம் நிலைத்தது. அதற்குள் இன்னொன்று நினைவுக்கு வந்தது. அப்படியானால், ராத்திரித் தூக்கத்தில் வருகிற பேச்சு என்ன?

கதவு திறந்தது. சிவதாணு ஒரு சிலேட்டை எடுத்துக்கொண்டு வந்தார். பூதலிங்கமும் வாசலில் வந்து நின்றார். திட்டுவதற்குத் தயார் செய்து வைத்திருந்ததையெல்லாம் விழுங்கிக்கொண்டார்.

சொர்ணம் வீட்டுக்கார அம்மாளிடம் கன்னத்தில் கை வைத்துத் தூங்குவது போல் காட்டினாள். பிறகு உதட்டைத் தட்டி, என்ன என்று கேட்டாள்.

பாருக்குட்டியம்மா தயங்கினார். அப்புறம், பிள்ளை பேசுவது போலவே செய்து காட்டினார். கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்து, அடித்தொண்டையில் ஓர் ஆம்பிளைக் குரலைக் கொண்டுவந்தார். அந்த மலையாளத்து அம்மாளின் வாயிலிருந்து, தெற்கத்தித் தமிழில், ஒரு கூலிக்காரனின் பேச்சு வந்தது.

"சம்சாரம் இல்லாமப் போச்சையா. குழி வெட்டினேன்."

"யாருக்குக் குழி?" என்று சொர்ணம் புருஷனைக் கேட்டாள்.

சிவதாணுவின் உத்தியோகம் என்ன என்பது புதிதாகப் படிக்கிறவர்களுக்குத் தெரியாது. அங்கே கோடதி என்கிற கோர்ட்டில் துபாஷி. நாஞ்சில் நாட்டில் பிறந்ததால் இரண்டு பாஷையும் அவருக்குத் தாய்ப்பால். தமிழ் பேசுகிற ஆட்கள் கூண்டில் ஏறினால், அவர்கள் சொல்வதை மலையாளத்தில் திருப்பிச் சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்று சத்தியம் செய்து கொடுத்தவர்.

அவர் எழுதினார், துடைத்தார், எழுதினார்.

"வித்துராவுக்கு மேலே மலைத்தோட்டத்து ஆள். பெயர் யோசுவா. கங்காணியைக் கொன்று குழியில் போட்டதாகக் கேஸ்."

"அன்று எங்கே இருந்தாய் என்று கேட்டார்கள். சம்சாரம் இல்லாமப் போச்சையா, குழி வெட்டினேன் என்றான்."

"நான் அப்படியே திருப்பிச் சொன்னேன்."

சொர்ணம் சிலேட்டையே பார்த்தாள். "அவன் பெஞ்சாதி செத்துப்போனா. அவளைப் புதைக்கக் குழி வெட்டினான். அதானே சொன்னான்?"

சிவதாணு தலையை ஆட்டினார். எழுதினார். "நாளெல்லாம் மலையாளம் பேசிப் பேசி, சம்சாரம் என்றால் எனக்கும் பேச்சு என்றே ஆகிவிட்டது. பேச்சு ஒன்றும் நடக்கவில்லை, குழி வெட்டினேன் என்று கோடதி எடுத்துக்கொண்டது. குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆயிற்று. வேறு சாட்சி சொல்ல ஒருவரும் மலையிறங்கி வரவில்லை. தூக்கு."

மழை வலுத்தது. அவர் கண்ணாடியைக் காட்டினார். அதன் சட்டத்தில் ஒரு கடிதம் செருகியிருந்தது. அவளே எழுதியது. அடியில் ஒரு வரிக்குக் கீழே பென்சிலால் கோடு, கோட்டின்மேல் கோடு, காகிதம் கிழிகிற வரைக்கும் கோடு. "இப்படிக்குத் தங்கள் சம்சாரம் சொர்ணம்மாள்."

"தீர்ப்புச் சொன்ன அன்று சாயங்காலம் இந்தக் கடிதம் வந்தது" என்று எழுதினார். "இந்தச் சொல்லைப் படித்தேன். அதிலிருந்து நாக்கு எழவில்லை."

சொர்ணத்துக்கு அவர்மேல் இரக்கம் பொங்கிக்கொண்டு வந்தது. கூடவே கோபமும் வந்தது. கோபந்தான் முதலில் வாய்க்கு வந்தது.

"பேச்சுத்தானே போச்சு? கை இருந்துதுல்லா? வராதேன்னு எனக்கு ஆறு தடவை எழுதத் தெரிஞ்ச கைக்கு, அந்த ஜட்ஜுக்கு ஒரு வரி எழுதத் தெரியலியா?"

அவர் குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கூடையை இழுத்தார். கூடை நிறையக் கிழித்த காகிதம். எல்லாவற்றிலும் ஒரே ஆரம்பம். எதிலும் முடிவு இல்லை. சிலேட்டில் ஒரு சொல் எழுதினார். "பயம்."

"அந்த ஆளு இருக்கானா இப்ப?"

"தெரியாது. கேட்கப் பயம்."

பூதலிங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சொர்ணம் திருப்பிக்கொள்ளவில்லை. அவர் கையைப் பிடித்தாள். பயந்த மனிதரோடு வாழ முடியும். ஒருவன் கழுத்தில் கயிறு இருக்கும்போது பேசாமல் இருக்கிறவரோடு வாழ முடியாது என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவரைக் காப்பாற்றுவதென்றால் அந்த யோசுவாவைக் காப்பாற்ற வேண்டும்.

"இந்த ஊர்ல பெஞ்சாதிக்கு என்ன சொல்லணும்?"

"பார்ய" என்று எழுதினார். "பத்திரங்களில் வரும் பாரியாள்தான். அந்த ஒரு சொல்லை நான் சொல்லவில்லை."

அவர் உதடுகள் சேர்ந்தன, திறந்தன. கண்ணாடியின் முன்னால் மூன்று மாதமாக அவர் சொல்லப் பார்த்தது அந்தச் சொல்லைத்தான் என்று அவளுக்குப் புரிந்தது.

அப்போது வெளியே படல் திறக்கிற சத்தம் கேட்டது. பெரிய ஓலைக்குடையோடு ஒருவன் முற்றத்தில் வந்து நின்றான். கோடதிச் சேவகன் தங்கப்பன். பேச்சு வந்துவிட்டதா என்று பார்த்துப் போக ஒவ்வொரு வாரமும் வருகிறவன். இன்று அவன் கையில் ஜெயில் முத்திரை போட்ட ஓர் உறையும் இருந்தது.

"சம்சாரம் உண்டோ?" என்று வழக்கம் போல் கேட்டான்.

பாருக்குட்டியம்மா பதில் சொல்லும் முன் சொர்ணம் மழையில் இறங்கிவிட்டாள். "உண்டு" என்றாள். அவளிடம் இருந்தது மொத்தம் மூன்றே சொல். மூன்றையும் விரல் மடக்கிச் சொன்னாள்.

"யோசுவா. குழி." கையால் தோண்டிக் காட்டினாள். பிறகு தன் தாலியை எடுத்துக் காட்டி, "பார்ய" என்றாள். "யோசுவா... பார்ய... குழி!"

தங்கப்பன் விழித்தான். மெல்ல மெல்ல அவன் முகம் மாறியது. பொருள் விளங்கிவிட்டது. குடை ஒரு பக்கம் சாய்ந்து, மழை அவன் தோளில் விழுந்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை.

"மலையிலெ யோசுவாவோ?" என்றான் தாழ்ந்த குரலில். "ஐயோ அம்மா... அது இன்னலெ கழிஞ்ஞல்லோ."

சொர்ணம் அண்ணனைப் பார்த்தாள். பூதலிங்கம் தைரியமாகச் சொன்னார். "தூக்கு இன்னைக்குத்தான்னு சொல்லுதான். இன்னலேன்னா இன்னைக்கு!"

"இன்னைக்கா? அப்பப் பொழுது இருக்கு!" சொர்ணம் உள்ளே ஓடிச் சிலேட்டை எடுத்துப் புருஷனிடம் நீட்டினாள். "எழுதுங்க! இப்பமே எழுதுங்க! நான் கொண்டுக்கிட்டு ஓடுதேன். மழையில அழிஞ்சாலும் நான் வாயால சொல்லிருவேன். எழுதுங்கன்னா!"

அவர் சிலேட்டை வாங்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தொண்டை ஏறி இறங்கியது. பிறகு, கூண்டுக்குப் பக்கத்தில் நின்று சொல்வது போல், கூட்டாமல் குறைக்காமல், தெளிவான குரலில் சொன்னார்.

"இன்னலேன்னா நேத்து."

சிலேட்டு தரையில் விழுந்து உடைந்தது. தங்கப்பன் நனைந்த உறையை நீட்டிக்கொண்டு நின்றான். அதன்மேல் யாரோ பென்சிலால், எழுத்துக் கூட்டி, தமிழில் "துபாசி ஐயாவுக்கு" என்று எழுதியிருந்தார்கள்.

முற்றத்தில் பாருக்குட்டியம்மா மாத்திரம் ஆனந்தமாகக் கையைத் தட்டினார்.

"சம்சாரம் வந்நு! பிள்ளைக்குச் சம்சாரம் வந்நு!"